மன்னாரின் அறுநூற்றுவர்

ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய ‘யாழ்ப்பாண வைபவமாலை’, மன்னாரிலே கிறித்தவம் தழுவிய அறுநூறு பேரைச் சங்கிலி மன்னன் கொல்வித்த செய்தியைச் சுருங்கக் கூறி அப்பாற் செல்கின்றது. அரச பரம்பரை உரைப்பதே அந்நூலின் நோக்கம், புலவரைக் குறைகூறுவதற்கில்லை. பின்வந்தோர்மீதே நம் வழக்கு.

சங்கிலியை அந்நியரை எதிர்த்த வீரனாகப் போற்றுவோர், மாண்டவர்களைப் பறங்கியரின் கையாட்களென்று எளிதில் ஒதுக்கிவிடுகின்றனர். பீரங்கி நிழலில் நின்றவர்களா இவர்கள்? 1544இல் முத்துக்குளித்துறையிலிருந்த சவேரியாரை மன்னார் மக்கள் அழைத்தனர்; அவர் தாம் வராது ஒரு குருவை அனுப்பினார். அவ்வாண்டிலேயே வாளும் வந்தது. மன்னார்த் தீவைப் பறங்கியர் கைப்பற்றியதோ 1560இல்! சங்கிலியைத் தண்டிக்கச் சவேரியார் வேண்டிய படையெடுப்பும் 1545இல் கைவிடப்பட்டது. பெகுவிலிருந்து வந்த பறங்கிக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தட்ட, அதன் சரக்கு மன்னன் கைப்பட்டிருந்தது. உயிரினும் சரக்கே அவர்களுக்குப் பெரிதாயிற்று.

காப்பாரின்றி நின்ற எளியோரின் அஞ்சாமை இது. பக்தி நூல்களோ சவேரியாரின் புகழை விரித்துரைத்து, இவர்களை ஓர் எண்ணாக நிறுத்திவிடுகின்றன. தோட்டவெளியில் இவர்களுக்கு நினைவாலயம் உண்டு. ஞானத்தீட்சைக்கும் வாளுக்கும் இடைப்பட்ட அச்சில நாட்களில், அச்செய்தி கேட்ட வலைஞன் தன் மனைவியிடம் என்ன பேசியிருப்பான்? அதை எழுத நம் நாடகாசிரியர் எவரேனும் முன்வருவாரா?