பழைய இண்டிகாவுக்கு எந்த ஆல்டர்னேட்டர்?

1998 கடைசியில் வந்து, 2018-ல் டாடா தயாரிப்பை நிறுத்திவிட்ட வண்டி. ஆனாலும் தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் போனால் டீசல் இண்டிகாவைப் பார்க்காமல் வர முடியாது. மண்டப வாசலில் வாடகைக்கு நிற்பவை போக, விதைநெல்லையும் உரமூட்டையையும் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகிறவையும் உண்டு. என்னுடையது இரண்டாவது ரகம். அதில் சார்ஜிங் விளக்கு மினுங்கத் தொடங்கியபோது மூன்று வழிகள் இருந்தன: பெட்டி பிரிக்காத புதுசு, உள்ளூரில் பிரித்துச் சரிசெய்த பழசு, சென்னை புதுப்பேட்டையிலிருந்து வரும் கழட்டுச் சாமான். எலக்ட்ரீஷியன் தயவில் மூன்றையும் மாட்டிப் பார்க்க முடிந்தது.

கடைக்குப் போகுமுன் மல்டிமீட்டரை எடுங்கள். இன்ஜின் நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறவில்லையா? பெல்ட் வழுக்கலாம், எர்த் ஒயர் பூத்திருக்கலாம். டேஷ்போர்டில் இருக்கும் சார்ஜிங் பல்பே ஃபியூஸ் ஆகியிருக்கலாம். பழைய வண்டிகள் பலவற்றில் அந்தப் பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் கரண்ட் போகிறது. சாவியைத் திருப்பியதும் அது எரியவில்லை என்றால் நல்ல ஆல்டர்னேட்டர்கூட சார்ஜ் ஏற்றாமல் வெறுமனே சுற்றும். என் வண்டியில் இவையெல்லாம் சரியாக இருந்தன. ஆனால் மீட்டரை ஏசி வோல்ட் பக்கம் திருப்பி பேட்டரியில் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. டயோட் போயிருக்கிறது.

இப்போது பலரும் கவனிக்காத விஷயம். டீசல் இண்டிகாவின் ஆல்டர்னேட்டர் முதுகில் ஒரு வேக்குவம் பம்ப் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் மேனிஃபோல்டிலிருந்தே கிடைத்துவிடும். டீசலில் அது கிடைக்காது. அதனால் ஆல்டர்னேட்டர் தண்டிலேயே பம்பையும் சுழலவிடுகிறார்கள். எனவே நாம் வாங்குவது கரண்டை மட்டுமல்ல, பிரேக்கையும்தான். ஒரு கடையில் பம்ப் இல்லாத மாடலை எடுத்து வைத்து, "பழைய பம்பை இதுல மாட்டிக்கலாம் சார், ஆயிரக்கணக்குல மிச்சம்" என்றார்கள். பம்பைச் சுழற்றும் பின்முனையே அந்தத் தண்டில் கிடையாது. பார்ட் நம்பரைப் பழசோடு ஒப்பிடாமல் காசை எண்ணாதீர்கள்.

பம்புக்கு இன்ஜின் ஆயில் ஒரு குழாயில் வந்து இன்னொன்றில் திரும்புகிறது. மாட்டும்போது உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டு, புல்லியைக் கையால் நாலு சுற்று சுற்றிவிட்டுத்தான் பெல்ட்டை ஏற்ற வேண்டும். முடிந்ததும் சோதனை சுலபம்: இன்ஜினை நிறுத்தி பிரேக்கைப் பலமுறை மிதியுங்கள், பெடல் கல்லாகிவிடும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பம்ப் வேலை செய்கிறது. கழட்டுச் சாமான் இங்கேயே தோற்றது. பெடல் இறங்க வெகுநேரம் பிடித்தது. அதன் சார்ஜிங்கைப் பார்க்கும் ஆர்வமே போய்விட்டது.

அடுத்தது ஆம்பியர். லேபிளில் அடித்திருக்கும் எண், ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று போலச் சுழலும்போது தருவது. நம் ஊர்ச் சாலையில் அந்த வேகம் எப்போது வரும்? மேடு பள்ளமே இல்லாத பூமி. வாய்க்கால் கரையோரம் ஒடுங்கிய ரோடு. முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். வழி கிடைத்தால் ரயில்வே கேட் மூடியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கேட்டில் நிற்கும்போது இரண்டு 55 வாட் ஹெட்லைட்டே எட்டு ஆம்பியர் இழுக்கும். வைப்பர், ஏசி ப்ளோயர், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் சேர்ந்தால் கணக்கு முப்பதைத் தாண்டிவிடும். ஐடிலில் ஆல்டர்னேட்டர் தருவதோ லேபிள் எண்ணில் பாதி இருந்தால் அதிகம். ஆகவே நான் பார்த்தது ஒன்றுதான்: எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், பேட்டரியில் எத்தனை வோல்ட்?

1961-ல் தொடங்கிய, சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ்ஸின் புதுசு 13.5-க்குக் குறையவில்லை. உள்ளூரில் சரிசெய்தது முதலில் 12.9-ல் நின்றது, மலிவான டயோட் பிளேட்டையும் ரெகுலேட்டரையும் கம்பெனி சாமானாக மாற்றியதும் 13.3-க்கு வந்தது. செலவு புதியதில் பாதிகூட இல்லை. காயிலும் தண்டும் நன்றாக இருந்தால் இது நல்ல வேலைதான். ஆனால் பேரிங், கார்பன் பிரஷ், டயோட் எல்லாம் மாற்றுகிறவர்கள் பம்பைப் பிரிப்பதே இல்லை. "அதுக்கு ஒண்ணும் ஆகலண்ணே" என்று துடைத்துத் திருப்பி மாட்டிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் வேன்களும் ஆயில் சீலும் வண்டியின் வயசுதான். பம்ப் இல்லாத பெட்ரோல் வண்டியாக இருந்தால் யோசிக்காமல் ரிப்பேருக்கே போயிருப்பேன். டீசல் என்பதால் புதுசை வாங்கினேன். பழசைக் கொடுத்ததற்குக் கொஞ்சம் கழித்தார்கள்.

மாட்டும்போதே ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் தடித்த ஒயரையும் மாற்றிவிட்டேன். லோடு போட்டு அதன் இரு முனைக்கும் நடுவே அளந்தால் பழையதில் முக்கால் வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது.

இன்னொன்று, சம்பா அறுவடைக்குப் பிறகு தை, மாசியில் செய்ய வேண்டியது. ரோட்டில் காயும் நெல்லின் மேலும் வைக்கோலின் மேலும் போய்வந்தால், ஆல்டர்னேட்டர் தன் ஃபேனால் அந்தத் தூசியையும் பதரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. டயோட் பிளேட்டின் இடுக்கில் அது அடைத்தால் சூடு வெளியே போகாது. என் பழைய ஆல்டர்னேட்டரைப் பிரித்தபோது சுருள் சுருளாக வைக்கோல் சும்பு வந்தது; நடுவே முழுசாக ஒரு நெல். பஞ்சர் கடையில் காற்றுப் பிடிக்கும்போது அந்தப் பக்கமும் ஒரு தடவை ஊதச் சொல்லுங்கள். தண்ணீர் பீய்ச்ச விடாதீர்கள்.