சித்திரக்கதையும் வாசிப்பில் நாட்டமில்லா மாணாக்கரும்

பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல், திருப்பரங்குன்றத்திலே எழுதப்பட்டிருந்த ஓவியங்களையும் அவற்றைக் காண வந்தாரையும் ஒருங்கே காட்டுவது. பூனை உருக்கொண்ட இந்திரன், அகலிகை, வெகுண்டு நிற்கும் கௌதமன், அகலிகை கல்லானமை என ஒரு கதையின் முன்னும் பின்னுமாகிய நிலைகள் ஆண்டு எழுதப்பட்டிருந்தன. அறியாதார் வினாவ, அறிந்தார் சுட்டிக்காட்டி விடையிறுத்தனர். படத்தை நிரலே வைத்துக் கதை சொல்லும் முறை தமிழர்க்குப் புதிதன்று என்பதற்கு இவ்வொரு சான்றே அமையும். சித்திரம் வரைதலுக்கும் எழுத்துப் பொறித்தலுக்கும் பண்டைத் தமிழர் ‘எழுதுதல்’ என்ற ஒரு சொல்லையே வழங்கினமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அங்ஙனமாகவும், சித்திரக்கதை என்றவுடன் முகஞ் சுளிக்கும் ஆசிரியரும் பெற்றோரும் இன்றும் உளர். புத்தகத்துள் மறைத்து வைத்துப் படித்த பிள்ளையிடமிருந்து அதனைப் பறித்தெடுத்தல் பள்ளிக்கூட ஒழுங்கின் ஒரு கூறாகவே நெடுங்காலம் இருந்தது. இவ்வெறுப்பு நம்மவர்க்கே உரியதுமன்று. அமெரிக்காவிலே 1954ஆம் ஆண்டு பிரெடரிக் வெர்தம் என்னும் மனநோய் மருத்துவர் சித்திரக்கதைகள் சிறுவரைக் கெடுப்பன என்று நூலெழுதினார். அவ்வாண்டிலேயே பதிப்பாளர் தமக்குத் தாமே ஒரு கட்டுப்பாட்டு விதியினை வகுத்துக்கொண்டனர். பிரித்தானியாவில் 1955இல் சட்டமே இயற்றப்பட்டது. கொலையும் கோரமும் மலிந்த இதழ்கள் அன்று இருந்தமையால் அக்கூற்றில் உண்மை சிறிதும் இல்லையெனல் ஆகாது. ஆயினும், தீய நாவல்கள் உளவென்று நாவலையே விலக்குவார் எவருமிலர்.

மூலநூலைக் கற்கும் ஆர்வத்தை இது கெடுக்கும் என்பது பிறிதொரு தடை. நாவலர் பெருமான் 1852இல் பெரியபுராணத்தை வசனநடையில் வெளியிட்டார். அதனாற் செய்யுட் பெரியபுராணம் மறைந்தொழிந்ததோ? விருத்தத்தின் வாயிலிலே நின்று தயங்கியவர் பலரை அவ்வசனமே உள்ளே அழைத்துச் சென்றது.

வாசிக்க விரும்பாத மாணாக்கன் யாவன் என்பதனை முதற்கண் ஆராய்தல் வேண்டும். அவனை மந்தபுத்தியுடையான் என்று தள்ளிவிடுதல் எளிது. பெரும்பாலும் அது பொய். வடமராட்சிப் பிள்ளையொருவன் வீட்டிலும் வயலிலும் பேசுந் தமிழ் ஒன்று; பாடநூலில் எதிர்ப்படுந் தமிழ் மற்றொன்று. நாள் முழுதும் கதையளக்க வல்ல சிறுவன், பாடநூலின் ஒரு பக்கத்தின் முன் நாவெழாது இருத்தற்குக் காரணம் இவ்விடைவெளியே. சித்திரக்கதையில் இவ்விரு தமிழும் ஒரே கட்டத்துள் அமைகின்றன. மேலே உள்ள குறிப்பு எழுத்துத் தமிழில் நடக்கும். மாந்தர் வாயிலிருந்து எழும் குமிழியோ பேச்சுத் தமிழில் நடக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குக் கண் தாவும்போது, இலக்கண நூல் செய்யாத உதவியைப் படம் செய்துவிடுகிறது.

இவ்வுண்மையைக் கரவெட்டி மண்ணுக்கு வெளியே தேடிச் செல்ல வேண்டியதில்லை. ‘சுந்தர்’ என அறியப்பட்ட சி. சிவஞானசுந்தரம் (1924–1996) இவ்வூரினர். தினகரனில் அவர் வரைந்த சவாரித்தம்பரும், 1963இல் அவர் தொடங்கிய சிரித்திரன் இதழில் உலாவிய மெயில்வாகனத்தாரும், மிஸிஸ் டாமோடிரனும், சின்னக்குட்டியும் ஈழத்தமிழர் வாழ்வின் போலிமைகளை எள்ளி நகையாடினர். நீண்ட தொடர்கதைகளாக அவை அமையாமையின், இக்காலத்தார் ‘சித்திர நாவல்’ என்பதனோடு அவற்றை ஒப்பவைத்தல் பொருந்தாது. ஆயினும், யாழ்ப்பாணத்துப் பேச்சு அச்சிலேறி மதிப்புப் பெற்றதும், கோட்டோவியம் சமுதாய விமரிசனமாக உயர்ந்ததும் அவற்றில் ஒருங்கே நிகழ்ந்தன. படம் பார்த்துச் சிரித்தவன், சிரிப்பிற்குக் காரணத்தை அறியக் கீழேயுள்ள சொல்லை வாசித்தே தீரவேண்டும். வாசிக்கவைக்கும் உபாயம் இதனினும் நயமானது அரிது.

வகுப்பறையிற் செய்யத்தக்கது யாது? சித்திரக்கதையின் உயிர் இரண்டு கட்டங்களுக்கு இடையேயுள்ள வெற்றிடத்தில் இருக்கின்றது. ஒரு கட்டத்தில் ஒருவன் வண்டியேறுகிறான். அடுத்ததில் மருத்துவமனைக் கட்டிலிற் கிடக்கிறான். நடுவே நடந்ததை வாசிப்பவனே நிரப்புகின்றான். அதனை எழுதுக என்றால், ‘எனது கிராமம்’ என்னும் தலைப்பில் நான்கு வரி எழுத மாட்டாதவனும் ஒரு பக்கம் எழுதுவான். குமிழியிலுள்ள நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றுதல், பேச்சை மறைத்துவிட்டு மாந்தரின் முகக்குறிப்பைக் கொண்டு உரையாடல் அமைத்தல், ஊர்ப் பேச்சை எழுத்து வழக்கிற் பெயர்த்தல் ஆகியன வேறு பயிற்சிகள். மெய்ப்பாட்டியலைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு நகையும் அழுகையும் வெகுளியும் முகத்திலே தோன்றுமாற்றைக் காட்ட இதனினும் எளிய கருவி வாயாது.

இனி, எதனைக் கொடுப்பது என்பது பற்றி. அம்புலிமாமா 1947 முதல் படத்தோடு கூடிய கதைகளைத் தந்தது. அது சித்திரக்கதைக்கு முற்படி எனலாம். சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், ‘இரும்புக்கை மாயாவி’ முதலிய ஆங்கிலக் கதைகளைத் தமிழாக்கியது. விறுவிறுப்பு அவற்றின் பலம். எனினும் ஆங்கே பேசப்படுவது எவ்வூரார் தமிழும் அன்று. அனந்த் பை 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை இதிகாச புராணங்களை எளிமையுறுத்தியது. ஆயினும் நல்லவரை வெண்ணிறத்தினராகவும் அரக்கரைக் கருநிறத்தினராகவும் தீட்டுதலும், பல வடிவாய் வழங்குங் கதையை ஒரே வடிவில் இறுக்கிவிடுதலும் அதன்கண் உள்ள குறைகள். இவற்றை மறைத்துக் கொடுத்தல் வேண்டா. மாணாக்கரே கண்டுபிடிக்குமாறு வினாவெழுப்பிக் கொடுத்தல் தகும்.

சித்திரக்கதை சிரிப்புக்கும் சாகசத்துக்குமே உரியது என்னுங் கருத்தும் இன்று நில்லாது. இரோசிமாவிலே சிறுவனாகக் குண்டுவீச்சிற்குத் தப்பிய நாகசாவா கெய்ஜி, 1973 முதல் ‘வெறுங்கால் கென்’னை வரைந்தார். யூதப் படுகொலையிற் பிழைத்த தந்தையின் வரலாற்றை ஆர்ட் ஸ்பீகல்மன் எலிகளும் பூனைகளுமாக வரைந்த ‘மௌஸ்’ 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. பெஞ்சமின் டிக்ஸ் எழுத லின்சி பொலொக் வரைந்த ‘வன்னி’ என்னும் ஆங்கிலச் சித்திர நாவல் 2019இல் வெளிவந்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை தொடங்கிப் போரின் முடிவுவரை ஒரு தமிழ்க் குடும்பம் பட்ட பாட்டினை அது காட்டுகின்றது. இத்தகைய நூலை எல்லா வகுப்புக்கும் கொடுத்தல் ஆகாது. வகுப்பிலிருக்கும் பிள்ளையின் தாயோ தந்தையோ அப்படத்துள் நின்றவராயிருத்தல் கூடும். ஆசிரியர் முழுதும் வாசித்து, உயர்வகுப்பு மாணாக்கர்க்கு, அவர் விரும்பினால் மட்டும் கொடுப்பதே முறை. எனினும், தம் பெற்றோர் பேச மறுத்துவிட்ட ஆண்டுகளை ஒரு பிள்ளை அறிய விழையுமாயின், அதற்கு ஆங்கிலத்தில் ஒருவர் வரைந்ததை மட்டுமே நீட்டுதல் போதுமா என்பது தமிழ் ஓவியரும் எழுத்தாளரும் எண்ணவேண்டிய வினா.

விலைதான் பெருந்தடை. வண்ணத்தில் அச்சிட்ட சித்திர நாவலொன்றை வாங்கும் வசதி கிராமத்துப் பாடசாலைகள் பலவற்றிற்கு இல்லை. ஆயினும் சிரித்திரனின் பழைய இதழ்கள் பல ‘நூலகம்’ இணைய நூலகத்திற் பக்கம் பக்கமாகப் படியெடுத்து வைக்கப்பட்டுள்ளன, பணம் வேண்டுவதில்லை. அவற்றுள் ஒரு பக்கத்தை அச்செடுத்து, உரையாடலை வெள்ளைத்தாளால் மூடி, எட்டாம் வகுப்பின் பின்வாங்கில் இருப்பவனிடம் முதலிற் கொடுத்துப் பார்க்கலாம்.