‘எங்க இருக்கீங்க?’: நைரோபியில் வாசித்த சில பிரதிகள்

நைரோபிக்கு வேலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பு என் கையில் ஒரு கைப்பிரதி கொடுத்தார்கள். முப்பது பக்க ஜெராக்ஸ். புதிதாகப் போகிறவர்கள் வீடு பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, அந்த ஊரோடு எப்படி ஒட்டிக்கொள்வது என்பதற்கான வழிகாட்டி. அட்டையில் கென்யா என்று இல்லை; ‘ஆப்பிரிக்காவில் வாழ்வது’ என்றுதான் இருந்தது. ஐம்பத்து நான்கு நாடுகளுக்கும் சேர்த்து முப்பது பக்கம் போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

உள்ளே இரண்டு பட்டியல்கள். ஒன்று சவால்கள், இன்னொன்று பலன்கள். சவால்கள்: மின்வெட்டு, தண்ணீர்த் தட்டுப்பாடு, காய்ச்சல், சாலை நெரிசல், திருட்டு. பலன்கள்: இதமான தட்பவெப்பம், காட்டு விலங்குகள், தோட்டத்தோடு வீடு, சேமிப்பு. இரண்டு பட்டியலிலும் இடம்பெறுகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். வீட்டு வேலைக்காரர்கள். பலன்களில் ‘மலிவாகக் கிடைப்பார்கள்.’ சவால்களில் ‘சாமான்களைப் பூட்டி வைக்கவும்.’ முப்பது பக்கத்திலும் அந்த ஊர்க்காரர்கள் என்று தனியாக யாரும் கிடையாது. இந்த இரண்டு வரிகளுக்குள்தான் அவர்கள் அடங்கியிருந்தார்கள்.

இதென்ன, ஆபீஸ் கைப்பிரதியைப் போய் இலக்கியம் மாதிரி வாசிக்கிறாயே என்று நண்பர்கள் கேட்டார்கள். அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆசிரியர் பெயர் இல்லாத பிரதிகளில்தான் ஒரு சொல்லாடல் கூச்சமில்லாமல் பேசும்.

‘எக்ஸ்பாட்ரியேட்’ என்ற சொல்லுக்குத் தமிழில் சரியான வார்த்தை இல்லை. வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவர் என்போம், அவ்வளவுதான். அந்தச் சொல் யாருக்குப் பொருந்தும் என்பதில் ஒரு அரசியல் இருக்கு. லண்டன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் கென்ய நர்ஸை யாரும் அப்படிச் சொல்வதில்லை, அவர் ‘குடியேறி’. நைரோபியில் வேலை பார்க்கும் லண்டன்காரருக்கு அந்தச் சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. என் கடிதத்தில் என்னையும் அப்படித்தான் குறிப்பிட்டிருந்தார்கள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மறைக்க வேண்டியதில்லை.

போய் நாலாம் நாள் மட்டாட்டுவில் (அங்கே ஓடும் தனியார் வேன்) ஏறப்போனபோது கண்டக்டர் பையன், ‘முஹிந்தி!’ என்று கூப்பிட்டான். இந்தியன் என்று அர்த்தம். திரும்பிப் பார்த்தேன். அல்தூசர் சொல்கிற விளிப்பை அதுவரை புத்தகத்தில்தான் படித்திருந்தேன். கூப்பிட்ட குரலுக்குத் திரும்புகிற அந்தக் கணத்தில் நாம் அந்த ஆளாக ஆகிவிடுகிறோம். கைப்பிரதி எனக்குக் கொடுத்த பட்டம் அந்த இடத்தில் உதிர்ந்துபோனது. நான் முஹிந்தி. (சோளத்துக்கு அங்கே ‘மஹிந்தி’ என்று பெயர். சோளம் இந்தியாவிலிருந்து வந்ததில்லை. இருந்தும் எங்கள் பெயர் அதன்மேல் ஒட்டியிருக்கிறது.)

முஹிந்தி என்பது வெறும் நாட்டுப் பெயர் அல்ல. அதற்குள் ஒரு நூற்றாண்டு இருக்கிறது. 1896க்கும் 1901க்கும் இடையே மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிவரை ரயில்பாதை போட சுமார் 32,000 கூலிகளைப் பிரிட்டிஷார் இந்தியாவிலிருந்து கொண்டுபோனார்கள். சுமார் 2,500 பேர் செத்தார்கள். பெரும்பாலானவர்கள் ஒப்பந்தம் முடிந்து திரும்பினார்கள். 6,700 பேருக்குக் கொஞ்சம் மேல் தங்கிவிட்டார்கள். பின்னாலேயே குஜராத்தி வியாபாரிகளும் வந்தார்கள். மலைப்பகுதியின் நல்ல நிலத்தைப் பிரிட்டிஷ் அரசு வெள்ளையர்களுக்கென்றே ஒதுக்கி வைத்தது. 1923 டெவன்ஷயர் வெள்ளை அறிக்கை அதை உறுதிப்படுத்தியது. இந்தியனுக்கு அங்கே நிலம் கிடையாது. ஆகவே கடை. மேலே நிலம் வைத்திருந்த வெள்ளையன், கீழே நிலம் பறிபோன ஆப்பிரிக்கன், நடுவில் கல்லாப்பெட்டியோடு இந்தியன். கீழே இருப்பவன் கண்ணுக்கு எதிரே நிற்கும் சுரண்டல்காரன் கடைக்காரன்தான். சுதந்திரத்துக்குப் பிறகு, 1967 குடிவரவுச் சட்டமும் வணிக உரிமச் சட்டமும் வந்ததும் ஆயிரக்கணக்கானோர் பிரிட்டனுக்குப் புறப்பட்டதும், 2017இல் கென்ய அரசு ஆசிய வம்சாவளியினரை நாட்டின் 44வது இனக்குழுவாக அறிவித்ததும் இந்தக் கதையின் பிற்பகுதி.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் காரன் பிளிக்ஸனின் ‘அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா’வை (1937) வாசித்தேன். 1985இல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு வாசிக்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள்; படத்தின் காதல் கதை புத்தகத்தில் பெரும்பாலும் மௌனமாகத்தான் இருக்கிறது. 1914இல் கென்யா போன டேனிஷ் பெண், நகோங் மலையடிவாரத்தில் காபித் தோட்டம் நடத்தி, நொடித்துப்போய், 1931இல் ஊர் திரும்பி எழுதியது. அவர் தோட்டம் இருந்த இடம் இன்று நைரோபியின் பணக்காரப் புறநகர். பெயரும் காரன்.

என் கையிலிருந்த ஜெராக்ஸின் மூலப்பிரதி இதுதான் என்று வாசிக்க வாசிக்கத் தோன்றியது. சவால்கள்: வறட்சி, வெட்டுக்கிளி, காபிக்கு ஒத்துவராத உயரம். பலன்கள்: காற்று, வெளிச்சம், விலங்குகள், விசுவாசமான ஊழியர்கள். ஒரு வித்தியாசம் உண்டு. பிளிக்ஸன் எழுதத் தெரிந்தவர்.

கூகி வா தியாங்கோ இந்தப் புத்தகத்தை மன்னிக்கவே இல்லை. சமையல்காரன் கமாந்தேயை நாயோடு ஒப்பிட்டு எழுதியிருப்பதை எடுத்துக்காட்டி, அன்பு மாதிரித் தெரிகிற இனவாதம்தான் ஆபத்தானது என்று டென்மார்க்குக்கே போய்ப் பேசினார். அந்தப் பேச்சு ‘மூவிங் த சென்டர்’ (1993) நூலில் இருக்கிறது. 2025 மே மாதம் அவர் இறக்கும்வரை அந்தக் கருத்து மாறியதாகத் தெரியவில்லை. அவர் சொன்னது சரி. இருந்தாலும் புத்தகத்தை அதோடு மூடிவிட முடியவில்லை எனக்கு. தன் தோட்டத்து ‘ஸ்குவாட்டர்’களைப் பற்றி ஒரு இடத்தில் பிளிக்ஸன் எழுதுகிறார்: அவர்கள் அங்கேயே பிறந்தவர்கள், அவர்கள் அப்பன்மாரும் அங்கேயே பிறந்தவர்கள், அவர்கள் கண்ணுக்கு நான்தான் கொஞ்சம் வசதியான ஸ்குவாட்டராகத் தெரிந்திருப்பேன் என்கிற மாதிரி. பிரதி தன்னையறியாமல் வாய் திறந்துவிடுகிற இடம் இது. 1918 சட்டப்படி அந்த மக்கள் தங்கள் சொந்தப் பூமியில் குடியிருப்பதற்கு வாடகையாக வருஷத்துக்குக் குறைந்தது 180 நாள் வெள்ளைக்காரன் நிலத்தில் உழைக்க வேண்டும். அந்த 180 நாள்தான் நகோங் காற்றின் சுகத்துக்கு விலை. பிளிக்ஸனுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டு வாக்கியத்தை அழகாக முடித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்.

அதே புத்தகத்தில் பூரண் சிங் என்று ஒரு கொல்லர் வருகிறார். பட்டறையே கதி. சம்பாதிப்பதை ஊருக்கு அனுப்பி இந்தியாவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். வீட்டை விட்டு வெகுதூரம் வந்து, திரும்பிப் போகிற நாளை எண்ணிக்கொண்டு உழைத்தவர் என்று பார்த்தால் அந்தத் தோட்டத்தில் இருந்த அசல் ‘எக்ஸ்பாட்ரியேட்’ அவர்தான். அவரை யாரும் அப்படிச் சொல்லப்போவதில்லை. எங்கள் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் குவைத்திலிருந்து இருபது வருஷம் மணியார்டர் அனுப்பினார். பூரண் சிங்கைப் படித்தபோது அவர் முகம்தான் வந்தது.

பூரண் சிங்கின் பக்கம் நின்றுகொண்டு நான் தப்பித்திருக்கலாம். கூகியின் ‘வீப் நாட், சைல்ட்’ (1964) அதற்கு இடம் கொடுக்கவில்லை. நாவலில் எல்லோரும் பேசுகிற பகுதி, நகோத்தோவும் வெள்ளை முதலாளி ஹவ்லண்ட்ஸும் சேர்ந்து நிலத்தைச் சுற்றி வருவது. இருவருக்கும் அந்த மண்ணின்மேல் உயிர். ஒருவனுக்கு அது முன்னோர் விட்டுப்போன பொறுப்பு. மற்றவனுக்குத் தான் ஜெயித்த காடு. என்னை நிறுத்தியது அது அல்ல. படிப்புதான் விடுதலை என்று நம்பிய பையன் ஞொரோகே, அப்பா செத்து, பள்ளிக்கூடம் பறிபோய், கடைசியில் ஒரு இந்தியன் கடையில் துணி விற்கிற வேலையாளாக நிற்கிறான். அந்த வேலையும் போய்விடுகிறது. கடைக்காரனுக்கு நாவலில் பெரிய இடமில்லை. கொடுமைக்காரன்கூட இல்லை. அங்கே இருக்கிறான், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ என் தொண்டையில் மாட்டிக்கொண்டது.

நாங்கள் குடியிருந்தது பார்க்லண்ட்ஸில். இந்தியர்கள் நிறைய இருக்கிற பகுதி. நைரோபி வாடகை விளம்பரங்களில் மூன்று படுக்கையறை, பார்க்கிங், ஜெனரேட்டர் என்று எழுதிவிட்டுக் கடைசியில் ‘டி.எஸ்.க்யூ.’ என்று போடுவார்கள். தனியாகக் கட்டிய வேலைக்காரர் குடியிருப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம். வேலைக்காரர் என்ற சொல் கூச்சமாக இருக்கவே மூன்று எழுத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது போலிருக்கிறது. எங்கள் வீட்டு டி.எஸ்.க்யூ. துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இருந்தது. ஒரு கட்டில் போட்டால் நடக்க ஒரு முழம் மிஞ்சும். ஜன்னல் என் கைக்கு எட்டாத உயரத்தில். வெந்நீர்க் குழாய் அங்கே வரை போகவில்லை; ஜூலை மாதக் குளிரில்கூட.

அதில் இருந்தவர் கென்யாவின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த பெண். எங்கள் மகளைப் பகல் முழுக்க அவர்தான் பார்த்துக்கொண்டார். பெயரை எழுதப்போவதில்லை, கேட்காமல் எழுத எனக்கு உரிமை இல்லை. அவர் டீ குடிக்க நீலக் கரை போட்ட ஒரு எனாமல் குவளை இருந்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணவில்லை. முதல் வாரத்திலேயே அது எப்படியோ அவருடைய குவளையாகி, சிங்க் ஓரத்தில் தனியாகக் கவிழ்ந்து கிடந்தது. எங்கள் ஊர் டீக்கடையில் கூரையிலிருந்து தனியாகத் தொங்கிய கிளாஸ்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். கல்லூரி நாட்களில் அதற்கு எதிராகத் துண்டறிக்கை அடித்துக் கொடுத்திருக்கிறேன். இருபது கிலோ, இருபது கிலோ என்று எடை போட்டுக் கட்டிய பெட்டிகளில் எந்தப் பெட்டியில் அது வந்ததென்று தெரியவில்லை.

பதினாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, கேட்டில் ஒரு கிழவியும் ஆறேழு வயசுப் பையனும் வந்து நின்றார்கள். காவல்காரர் வந்து, யாரோ ஒரு ‘மாமா’வைத் தேடி வந்திருக்கிறார்கள் என்றார். அங்கே பெண்களைப் பிள்ளை பெயரால்தான் கூப்பிடுவார்கள். மாமா என்றால் அம்மா, இன்னார் அம்மா. என் மனைவியையும் அவர் எங்கள் மகள் பெயரைச் சேர்த்து அப்படித்தான் கூப்பிட்டு வந்தார். காவல்காரர் சொன்ன பெயரைக் கேட்ட என் மனைவி, ‘நம்ம வீட்ல அப்படி யாரும் இல்லையே’ என்றாள். பின்பக்கத்திலிருந்து ஈரக் கையோடு அவர் ஓடி வந்தார். பையன் அவர் மகன். தன் மக்களிடையே அவருக்கு இருந்த பெயர் எங்கள் வீட்டுக்குள் ஒருநாளும் நுழைந்ததில்லை. பிள்ளை இருக்கா என்று நாங்கள் கேட்டதே இல்லை. எங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவர் தன் பிள்ளையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

அதற்குப் பிறகு குவளையை எடுத்துவிட்டோம். அவர் எங்கள் டம்ளரில் இரண்டு நாள் குடித்தார். மூன்றாம் நாள் தானே ஒரு பிளாஸ்டிக் கப் வாங்கி வைத்துக்கொண்டார். எங்கள் மனமாற்றத்தைக் கொண்டாட அவருக்கு நேரமில்லை.

தமிழில் இந்த ஆப்பிரிக்க அனுபவத்தை எழுதியவர் என்றால் அ. முத்துலிங்கம் உடனே நினைவுக்கு வருவார். அவருடைய எள்ளல் கதை சொல்கிறவனையும் விட்டுவைப்பதில்லை என்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் எள்ளல் எட்டாத இடம் ஒன்று உண்டு. அந்தக் கிழவியும் பையனும் நின்ற கேட்டை நான் இன்னும் நகைச்சுவையாகச் சொல்லப் பழகவில்லை.

பலன்களே இல்லையா என்றால், இருந்தன. கைப்பிரதியில் இல்லாத பலன்கள். ஸ்வாஹிலியில் ‘போலே’ என்று ஒரு சொல். நீங்கள் தடுக்கி விழுந்தால், அதற்குச் சம்பந்தமே இல்லாத வழிப்போக்கர் ‘போலே’ என்பார். மன்னிப்பும் இல்லை, வெறும் அனுதாபமும் இல்லை. உன் வலி என் கண்ணில் பட்டது என்று சொல்வது. இன்னொன்று ‘காஆ’. உட்கார் என்றும் அர்த்தம், குடியிரு என்றும் அர்த்தம். ‘உனகாஆ வாபி?’ என்றால் எங்கே குடியிருக்கிறீர்கள். நாமும் வந்தவரை ‘இருங்க’ என்கிறோம், வீடு எங்கே என்று கேட்க ‘எங்க இருக்கீங்க?’ என்கிறோம். ‘எக்ஸ்பாட்ரியேட்’ என்ற சொல் விட்டு வந்த இடத்தைத்தான் பேசுகிறது. இந்த இரண்டு மொழிகளும் உட்கார்ந்திருக்கிற இடத்தைக் கேட்கின்றன. கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதாக இருந்தால் நான் சொல்ல வேண்டியது: ஒருத்தர் தலைக்குமேல் இருக்கிறேன்.

அங்கே ஒரு பழமொழியும் உண்டு. விருந்தாளி இரண்டு நாள். மூன்றாம் நாள் அவன் கையில் மண்வெட்டியைக் கொடு. ஜூலியஸ் நியரேரே 1962இல் தன் உஜாமா கட்டுரையில் இதை எடுத்தாண்டார். உழைக்காமல் தின்கிறவனை அவர் கேலி செய்தார் என்றுதான் எல்லோரும் வாசிக்கிறார்கள். மண்வெட்டி கொடுக்கிற வரைக்கும் அவன் அந்நியன், கொடுத்த பிறகு வீட்டு ஆள் என்றும் வாசிக்கலாம். பிளிக்ஸனுக்கு யாரும் மண்வெட்டி கொடுக்கவில்லை. எனக்கும் கொடுக்கவில்லை. மண்வெட்டி பிடிக்கிற ஆளுக்குச் சம்பளம் போடுகிற பேனாவைத்தான் இருவருக்கும் கொடுத்தார்கள்.

மூன்றாம் வருஷக் கடைசியில் ஊர் திரும்ப ஏற்பாடானது. வீட்டைப் பார்க்க ஹைதராபாத்திலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, கைக்குழந்தை. அவர் கையில் அதே கைப்பிரதி, இப்போது வழவழப்பான வண்ண அட்டையோடு. தண்ணீர் எப்படி, மின்சாரம் எப்படி என்று கேட்டுவிட்டு, பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். அவர் அங்கே துணி அலசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: ‘ஆள் எப்படி சார்? நம்பலாமா?’

‘நல்ல ஆள்,’ என்றேன். ‘தாராளமா நம்பலாம்.’