ஏரிக் கணக்கும் குளக் கணக்கும்

நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்பது ஒரே நீர்நிலையில் ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் பறவைகளை இனவாரியாக எண்ணிப் பதிவு செய்வது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல், வலசைப் பறவைகள் தங்கியிருக்கும் சனவரியில், இந்தியாவிலும் இலங்கையிலும் நடந்து வருகிறது. ஓராண்டு எண்ணிக்கையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஏற்ற இறக்கம் தொடர்பதிவில்தான் புலப்படும்.

இலங்கையையும் புதுச்சேரியையும் ஒப்பிட்டால், பதிவின் தொடர்ச்சியில் இலங்கைக்கே முதலிடம். 1943இல் தொடங்கிய சிலோன் பறவைக் கழகம் மாதக் குறிப்புகளை வெளியிட்டு வந்திருக்கிறது. 1976 முதல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த களப் பறவையியல் குழுவும் இயங்குகிறது. மன்னாரின் வங்காலை 2008இல் சரணாலயமாகி, 2010இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. கடல் தாண்டிப் பார்ப்பவருக்கு அச்சில் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கிலக் குறிப்புகளே. அந்தப் பதிவின் நீண்ட தொடர்ச்சியைக் காட்டிப் புதுச்சேரியின் பதிவைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது பொருந்தாது.

புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பகுதியிலுள்ள ஊசுட்டேரி, 2004இல் வெளியான இந்திய முக்கியப் பறவை வாழிடப் பட்டியலில் உண்டு. 2008இல் அதன் புதுச்சேரிப் பகுதி, சுமார் 390 எக்டேர், சரணாலயமானது. மறுகரை தமிழ்நாட்டுக்கு உரியது. அந்தப் பகுதி பின்னர் தனியாக அறிவிக்கப்பட்டது. சங்கராபரணி ஆற்று நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே ஊசுட்டேரிக்கு வருகிறது. தென்பெண்ணை ஆற்று நீரைப் பங்காரு வாய்க்காலில் பெறும், புதுச்சேரியின் மற்றோர் ஏரியான பாகூர் ஏரி இன்றும் முதலில் பாசன ஏரிதான். வயலுக்கும் வாத்துக்கும் ஒரே தண்ணீர் என்பதைக் கரையோர மக்கள் அறிந்த அளவுக்கு வேறெவரும் அறியார்.

2015இல் தொடங்கிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு ஊர்க்காரர்களையும் பதிவாளர்களாக்கியது. கரையில் ஒருவர் இருநோக்கியில் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுதுகிறார். குறைந்தது 15 நிமிடம் நின்று, காக்கை, மைனா உட்படக் கண்ட எல்லா இனங்களையும் எண்ணிக்கையோடு குறிக்க வேண்டும். நாமக்கோழிக் கூட்டம் பெரிதென்றால் பத்துப் பறவை அடைக்கும் இடத்தைக் கண்ணால் அளந்து, அந்த அளவில் முழுக் கூட்டத்தையும் மதிப்பிடுவர். எல்லா இனங்களும் எழுதப்படுவதால், பட்டியலில் இல்லாத கூழைக்கடாவும் ஒரு தகவல்தான்.

பதிவைப் பயன்படுத்தும் வழியும் இரு நாட்டிலும் வேறு. இலங்கையில் சரணாலயப் பொறுப்பு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் இருக்கிறது. இந்தியாவில் வனத்துறையோடு உள்ளாட்சிக்கும் பங்குண்டு: 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம், உள்ளாட்சி தோறும் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்கச் சொல்கிறது. எந்த மரத்தில் எந்த மாதம் கூடு என்ற குறிப்பு அதில் ஏறினால், தூர்வாரும் நாளையும் மரம் வெட்டும் ஏலத்தையும் தள்ளிவைக்கக் கொம்யூன் பஞ்சாயத்திடம் ஆதாரத்தோடு கேட்கலாம்.

ஊசுட்டேரியின் இரு கரைக் கணக்கையும் ஒரே நாளில் எடுத்து ஒரே ஏட்டில் சேர்ப்பது இங்கு அவசியம். பறவைக்கு மாநில எல்லை கிடையாது. ஆண்டு விடாமல் எழுதும் பழக்கத்தை இலங்கையிடம் கற்கலாம். எழுதியதை ஊர்ச்சபையில் வைத்துப் பேசும் உரிமை வில்லியனூருக்கும் பாகூருக்கும் ஏற்கெனவே இருக்கிறது.