ஓடத் தெரிந்த சட்டை, துவைக்கத்தான் முடியவில்லை

இதயத்துடிப்பை அளக்கும் இந்தச் சட்டையைப் பல வாரங்களாகப் போட்டுக்கொண்டு ஓடுகிறேன். புளூடூத், பேட்டரி எல்லாம் வழக்கமானவைதான். விஷயம் நூலில் இருக்கிறது. நெஞ்சுக்குக் கீழே இரண்டு பட்டைகள், வெள்ளி பூசிய நைலான் நூலால் பின்னியவை. இதயம் துடிக்கையில் தோலில் எழும் சுமார் 1 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைப் பிடித்து, டிக் பட்டன் வழியாகச் சட்டையில் மாட்டும் கருவிக்குக் கொடுக்கின்றன.

தோல் உலர்ந்திருந்தால் பட்டைகள் தடுமாறும். வியர்வையின் உப்புதான் சிக்னலைக் கடத்துகிறது. பட்டையை நனைத்துவிட்டுப் போடச் சொல்கிறது கையேடு. சென்னையில், அதுவும் மே மாதத்தில், யாருக்கு வேண்டும் அந்த யோசனை? தெருமுனை தாண்டுவதற்குள் செயலியில் இதயத்துடிப்பு வரைபடம் சீராகிவிடுகிறது. திடீரென்று வேகமெடுத்தால் துடிப்பைக் காட்டுவதில் என் கைக்கடிகாரம் பின்தங்கும், சட்டை கூடவே வரும். அந்த வகையில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

ஆனால் நனைந்த சட்டையைத் துவைத்தாக வேண்டுமே! பிளீச் கூடாது, டிரையர் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது. துணியை மென்மையாக்கும் திரவமும் கூடாது, அது நூலின் மேல் படலமாகப் படிந்துவிடும். எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரி இல்லை. பட்டைகள் பழைய கொலுசு மாதிரி கறுத்துவிட்டன. இப்போது நன்றாக வியர்த்த பிறகும் வரைபடம் அவ்வப்போது துள்ளுகிறது.

இது புது நோயல்ல. லீவைஸும் கூகுளும் சேர்ந்து 2017இல் விற்ற 350 டாலர் ஸ்மார்ட் ஜாக்கெட்டுக்கே பத்து சலவைதான் கணக்கு. 1990களில் ஜார்ஜியா டெக்கில், காயம்பட்ட போர்வீரனின் நிலையைத் தெரிவிக்கும் சட்டையை உருவாக்கினார் சுந்தரேசன் ஜெயராமன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இத்தனை ஆண்டு கழித்தும் சலவைக்கு ஈடுகொடுக்கும் நூல் என் கைக்கு வந்து சேரவில்லை.

கருவி இன்னும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் சட்டையைத் தனியாகத் தரமாட்டார்களாம், இரண்டையும் சேர்த்தேதான் வாங்க வேண்டுமாம். அந்தப் பணத்துக்கு, பட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளக்கூடிய சாதாரண மார்புப்பட்டையை வாங்கிவிடுவேன்.