இசைத்தட்டின் முதற்பக்கம்

அமெரிக்கக் கறுப்பினப் பாடகி ட்றேசி சப்மனின் முதலாவது இசைத்தட்டு, 35ஆம் ஆண்டு நிறைவுப் பதிப்பு என்னும் பெயர் தாங்கி 2025 ஏப்ரிலில் மீண்டும் வெளிவந்திருக்கிறது. முதற்பதிப்பு வந்தது 1988 ஏப்ரிலில். ஆகவே விழா இரண்டாண்டு பிந்தியது. இதனை நாம் குறையாகக் கொள்ளவில்லை. விழா ஆரவாரத்தில் எந்தப் பாடல் கேட்கிறது, எந்தப் பாடல் கேளாமற் போகிறது என்பதே நமது கவலை.

1964இல் ஓகாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரிற் பிறந்து, தாயின் உழைப்பில் வளர்ந்து, உதவிப் பணத்திற் கல்வி கற்று, டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பயின்றவர் சப்மன். ஹாவர்ட் சதுக்கத்திலே தெருவில் நின்று பாடியவர். றீகன் ஆட்சியின் இறுதி ஆண்டில், இயந்திர மேளங்களின் முழக்கத்திடையே, கிற்றாரும் குரலுமாக அவரது தட்டு வெளிவந்தது. அவ்வாண்டு ஜூன் 11ஆந் திகதி, அப்பொழுது சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் 70ஆவது பிறந்த நாளையொட்டி இலண்டன் வெம்பிளி மைதானத்தில் இசைவிழா நடந்தது. ஸ்டீவி வொண்டரின் வாத்தியக் கருவிக்குரிய பதிவுத்தட்டுக் காணாமற் போகவே, முன்னரே பாடி முடித்திருந்த சப்மன் மீண்டும் அழைக்கப்பட்டார். தனியொரு கிற்றாருடன் நின்று அவர் பாடியதை உலகம் கேட்டது. தட்டு அமெரிக்க விற்பனையில் முதலிடத்துக்கு உயர்ந்தது.

அன்று பாடியவற்றுள் ஒன்று 'ஃபாஸ்ட் கார்'. 2023இல் லூக் கோம்ஸ் என்னும் வெள்ளையினக் 'கன்றி' இசைப் பாடகர் அதனைத் தம் குரலிற் பதிவு செய்தார். கன்றி இசைச் சங்கம் அவ்வாண்டின் சிறந்த பாடலுக்கான விருதினை, அதனை இயற்றிய சப்மனுக்கு அளித்தது. அவ்விருதைப் பெற்ற முதற் கறுப்பினப் பாடலாசிரியர் அவரே. கோம்ஸ் தம்மை ஆணென்று கருதிச் சொற்களை மாற்றாமல், கடையிற் காசு வாங்கும் பெண்ணாகவே நின்று பாடியது பாராட்டுக்குரியது. ஆயினும் இப்பாடல் இன்று பலராலும் இளமை நினைவின் இனிய கீதமாகவே சுவைக்கப்படுகிறது. காரின் வேகம் நினைவிருக்கிறது, கதை மறந்துவிடுகிறது.

கதை இதுதான். குடிகாரத் தந்தையைப் பேணுவதற்காகப் பள்ளியை விட்ட பெண்ணொருத்தி, காதலனோடு நகருக்கு ஓடுகிறாள். அவளுக்கு வேலை கிடைக்கிறது, அவனுக்குக் கிடைக்கவில்லை. ஈற்றில் வீட்டுச் செலவு முழுவதும் அவள் தலையில், அவனோ மதுச்சாலையில். பிள்ளைகளைவிட நண்பர்களையே அவன் அதிகம் காண்கிறான். தந்தையின் வீடு வேறொரு முகவரியில் மீண்டும் எழுந்துவிட்டது. பல்லவி திரும்பத் திரும்ப ஒரே மெட்டில் வருகிறது. ஆனால் இறுதி முறை வரும்போது, 'நாம்' தப்பிச் செல்ல இந்தக் கார் போதுமா என்று கேட்டவள், 'நீ' தப்பிச் செல்லப் போதுமா என்று கேட்கிறாள். ஒரு சொல்தான் மாறுகிறது. மெட்டு மாறவில்லை, ஆதலால் கவனியாதவர் காதில் அது இன்பமாகவே ஒலிக்கும்.

இப்பாடலைத் தனியே பிரித்தெடுத்துக் கேட்பதனாலேயே இது நேர்கிறது என நாம் கருதுகிறோம். தட்டின் முதற்பக்கத்தில் இதற்கு முன்னிற்பது 'டோக்கின் பௌட் எ றெவலூஷன்'. தொழிலற்றோர் வரிசையில் நிற்கும் ஏழைகள் எழுவர் என்று அது சொல்கிறது. எவ்வாறு எழுவர், யார் அணிதிரட்டுவர் என்பதற்கு அதில் விடையில்லை. நம்பிக்கை உண்டு, இயக்கம் இல்லை. பதின்ம வயதில் எழுதிய பாடலிடம் அரசியல் வேலைத்திட்டத்தை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆனால் அது எழுப்பிய நம்பிக்கையை அடுத்து வரும் கார்ப்பாடல் ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கில் வைத்துச் சோதிக்கிறது. மூன்றாவதான 'அக்றொஸ் த லைன்ஸ்' இனக்கலவரத்தைப் பாடுகிறது. தாக்கப்பட்ட கறுப்புச் சிறுமியின் பெயரைக்கூட எவரும் அறியார்.

இரண்டாம் பக்கம் இத்துணை இறுக்கமுடையதன்று. இரண்டொரு காதற்பாடல்கள் எவரும் பாடக்கூடியவை. 'மவுன்டின்ஸ் ஓ திங்ஸ்' மட்டும் விலக்கு. பிறரைச் சுரண்டிக் குவிக்கும் பொருள்மலையின்மீது வறியவள் காணும் கனவு அது. கனமான தட்டாக, சேகரிப்போர் அலுமாரிக்கென விற்கப்படும் பதிப்பிலே இப்பாடல் இடம்பெற்றிருப்பது வேடிக்கைதான்.

எனினும் தட்டினால் ஒரு நன்மையுண்டு: விரும்பிய பாடலுக்கு எளிதில் தாவ முடியாது. நான்காம் பாடலான 'பிஹைன்ட் த வோல்' வரை கேட்டேயாக வேண்டும். அதில் வாத்தியம் எதுவுமில்லை. அயல்வீட்டிற் பெண்ணொருத்தி இரவில் அலறுகிறாள்; பொலீசார் வந்தாலும் பிந்தியே வருவர்; வந்தபின் குடும்ப விவகாரத்தில் தலையிட இயலாதென்பர். கேட்டுக்கொண்டிருப்பவளுக்குச் சுவருக்கு இப்பால் செய்ய ஏதுமில்லை. கிற்றாரும் அங்கே வாய்மூடியிருப்பது அந்த இயலாமையின் ஒலி. இறுதியில் அம்புலன்ஸ் வருகிறது. கூடியவர்களைப் பொலீஸ்காரர் உறங்கப் போகச் சொல்கிறார்.

அடுத்த பாடல் உடனே தொடங்குகிறது. மன்னிப்பு என்னும் சொல்லை ஒருபோதும் உரிய வேளையிற் சொல்லமுடியாத உறவு பற்றிய மென்மையான பாடல் அது. வானொலியிற் பல்லாண்டு காலமாக அதனைக் காதற்பாடலென்றே கேட்டுவந்தோம். நான்காம் பாடலின் பின் கேட்கையில், மன்னிப்புக் கேட்கவேண்டியவன் யார் என்ற வினா எழுகிறது.