பொருட்பகுப்பும் மக்கள் கலையும்: கொம்புமுறியை முன்வைத்து ஒரு நோக்கு

நூலகப் பட்டியல் நூலைத் தேடித்தரும் வெறுங்கருவியே என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆயின், ஒரு நூல் எப்பொருள் பற்றியது எனப் பட்டியல் கூறுமிடத்து, அது அறிவையே ஒரு வகையில் ஒழுங்குபடுத்துகின்றது. அவ்வொழுங்கு சமூகத்திற்குப் புறத்தே தோன்றுவதன்று. மட்டக்களப்பு வாவியை அடுத்த ஊர்களின் மரபான கொம்புமுறியைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

கொம்புமுறியில் ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். கொம்புகளைப் பிணைத்து, ஒன்று முறியும்வரை இரு சேரியாரும் இழுப்பர். அது கண்ணகி வழிபாட்டோடு இணைந்தது. தனக்கெனப் பாடல்களையும் உடையது. எனவே, அது விளையாட்டு, சடங்கு, இலக்கியம், ஊர் அமைப்பின் வெளிப்பாடு ஆகிய அனைத்துமாம்.

1876 இல் வெளிவந்த தூயி தசமப் பகுப்பில் இந்து சமயம் 294.5 இலும், நாட்டார் வழக்காறு 398 இலும், தமிழிலக்கியம் 894.811 இலும் அமைகின்றன. நூல் ஓர் இறாக்கையிலேயே இருக்கவியலும் ஆதலின் எண்ணும் ஒன்றே. மேலும், சமய வகுப்பில் 220 முதல் 280 வரை கிறித்தவத்திற்கு உரியனவாக, ஏனைய சமயங்கள் 290 இனுள் அடக்கப்பட்டமை அப்பகுப்பு பிறந்த சமூகத்தை இனங்காட்டும். பொருட்டலைப்புகள் பலவற்றை ஒரு நூலுக்கு அளிக்கலாம் என்பது உண்மையே. ஆயினும், அத்தலைப்புகளிடையேயான உறவை அவை விளக்குவதில்லை.

இக்குறையை உணர்ந்தவர் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். 1933 இல் வெளியான அவரது கோலன் பகுப்பு, பொருளை ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் முகங்களாகப் பகுத்து மீளப் பிணைத்தது. இஃப்லா எனப்படும் பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பு 2010 இல் ஏற்ற பொருட்டரவு மாதிரி வேறொரு படி முன்சென்றது. ஆக்கம் எதனைப் பற்றியதோ அதனை ஒன்றாகவும், அதற்கு வழங்கும் பெயரை மற்றொன்றாகவும் அது பிரித்தது. 2017 இன் ஒருங்கிணைந்த நூலக மாதிரியும் பெயரைத் தனியொரு கூறாகவே கொண்டது.

இப்பிரிப்பின் பயன் சிறிதன்று. ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் இருக்கலாமெனின், ‘கொம்புமுறி’, ‘வசந்தன்’, ‘வடமோடி’ என்பன அயல்மொழித் தலைப்புகளின் நிழலில் ஒதுங்க வேண்டியதில்லை. ஆயினும், எப்பொருள் பதிவுக்குரியது, எப்பெயர் முதன்மை பெறும் என்பவற்றை மாதிரி தீர்மானிப்பதில்லை. பட்டியலாக்கும் நிறுவனமே தீர்மானிக்கின்றது. அதிகாரம் இங்கு மறையவில்லை, இடம் மாறியுள்ளது. அன்றியும், இரு பொருள்களைத் ‘தொடர்புடையன’ எனக் குறிப்பதோடு நின்றுவிட்டால், சடங்குக்கும் உழைப்புக்கும், கூத்துக்களரிக்கும் சாதியமைப்புக்கும் உள்ள உறவு வெற்று இணைப்பாகிவிடும். கலையை அதன் சமூக அடித்தளத்திலிருந்து பிரித்து ‘நாட்டார் வழக்காறு’ என ஒதுக்கிய பழைய வழு, புதிய வடிவிலும் தொடரும்.

மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றிய சி. மௌனகுருவின் ஆய்வு, அவற்றைச் சமூகப் பின்னணியில் வைத்து நோக்கியது. ஆய்வாளர் கண்ட உறவுகளைப் பட்டியல் இழந்துவிடலாகாது. எனவே, நம் பல்கலைக்கழக நூலகங்கள் தமிழ்ப் பொருட்சொற்றொகுதி ஒன்றை ஆக்குதல் வேண்டும். அப்பணியில் நூலகரோடும் ஆய்வாளரோடும் அண்ணாவிமாரும் அமர்தல் வேண்டும். கலையை ஆக்கியோர் அதற்கு இட்ட பெயர்களும் அவர்கள் அறிந்த உறவுகளுமே அத்தொகுதியின் முதற் சான்றுகளாகக் கொள்ளத்தக்கன.